பெடலுக்கும் பூஜ்யம் உண்டு

தட்டில் எதுவும் இல்லாதபோது தராசு பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்த்த பிறகே முதல் வியாபாரத்தைத் தொடங்குவது நம் தொழிலின் பழக்கம். மின்னணுத் தராசில் ஒரு டப்பா தட்டில் இருக்கும்போதே பூஜ்யத்தை அழுத்திவிட்டு, பிறகு டப்பாவை எடுத்துவிட்டு நிறுத்தால், ஒவ்வொரு நிறுவையும் அந்த டப்பாவின் எடை அளவுக்குக் குறைத்தே காட்டும். நாம் கூடுதலாகப் போட்டுக் கொடுப்போம், நஷ்டம் நமக்கு.

இன்றைய கார்கள் பலவற்றின் பிரேக் பெடலிலும் இப்படியொரு பூஜ்யம் இருக்கிறது. அது தவறினால் வரும் நஷ்டம் பணத்தோடு நிற்பதில்லை. ஆகவே, சொந்த உபயோகத்திற்கும் கடை வேலைக்கும் கார் வைத்திருக்கும் வணிகப் பெருமக்கள் இதை அறிந்து வைத்திருப்பது நல்லது.

சுவிட்சா, சென்சாரா?

பழைய வண்டிகளிலும், சிறிய சரக்கு வண்டிகள் பலவற்றிலும் பெடலின் மேல் ஒரு சாதாரண சுவிட்ச்தான் இருக்கும். பெடலை மிதித்தால் பின்னால் சிவப்பு விளக்கு எரியும், விட்டால் அணையும். அவ்வளவே அதன் வேலை. சென்சார் உள்ள காரில் கதை வேறு. பெடல் எவ்வளவு தூரம் இறங்கியிருக்கிறது என்பதை அது வோல்ட் கணக்கில் கம்ப்யூட்டருக்குச் சொல்லும். பொதுவாக மூன்று கம்பிகள்: ஒன்றில் 5 வோல்ட், ஒன்று எர்த், மற்றொன்று செய்தி கொண்டு போவது. கால் வைக்காதபோது வரும் அளவையே 'பெடலின் ஓய்வு நிலை' என்று கம்ப்யூட்டர் நினைவில் வைத்திருக்கும். அதைப் பதிய வைக்கும் வேலைக்குப் பெயர்தான் காலிபரேஷன்.

ஓர் உண்மை நிகழ்ச்சி

2014 மே மாதம் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம், செவ்ரோலே மாலிபு, பான்டியாக் ஜி6, சாட்டர்ன் ஆரா முதலிய கார்களில் சுமார் 24 லட்சத்தை அந்நாட்டில் திரும்ப அழைத்தது. அவை 2004 முதல் 2012 வரையிலான மாடல்கள். பிரேக் மிதிக்காமலே பின்விளக்கு எரிந்தது. மிதித்தபோது சில சமயம் எரியவில்லை. க்ரூஸ் கன்ட்ரோலை விடுவிக்கவும், கியரைப் பார்க்கிங்கிலிருந்து எடுக்கவும் பெடலைக் கூடுதலாக அழுத்த வேண்டி வந்தது. வழுக்கலைத் தடுக்கும் வசதிகளும் செயலிழக்க வாய்ப்பு இருந்தது. 13 விபத்துகளும் 2 பேருக்குக் காயமும் தங்களுக்குத் தெரிய வந்ததாகவும், உயிரிழப்பு இல்லை என்றும் நிறுவனம் அறிவித்தது.

காரணம் என்ன? கம்ப்யூட்டர் பெட்டியில் கம்பிகள் சேரும் கனெக்டரில் காலப்போக்கில் அரிப்பு ஏற்பட்டு, மின்தடை கூடி, சென்சாரின் வோல்ட் ஏறி இறங்கியது. கம்ப்யூட்டரோ பெடல்தான் அசைகிறது என்று எடுத்துக்கொண்டது. பரிகாரமாக, கம்பித் தொகுதியை ஆடாமல் பொருத்தி, கனெக்டர்களில் அதற்குரிய கிரீஸ் தடவி, அதன் பின்னரே பெடலின் ஓய்வு நிலையைப் புதிதாகப் பதிய வைத்தார்கள். இந்த வரிசையை நாம் கவனிக்க வேண்டும். முதலில் பழுது, கடைசியில் பூஜ்யம்.

கண்டறியும் வரிசை

1. இரவில் வண்டியைச் சுவருக்கு முன் பின்பக்கம் தெரியும்படி நிறுத்தி, பெடலை மெல்ல மிதித்து விட்டுப் பாருங்கள். விளக்கு எப்போது எரிகிறது, எப்போது அணைகிறது என்பது சுவரில் தெரியும். பல்பும் ஃபியூஸும் நன்றாக இருக்கின்றனவா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

2. பெடல் முழுவதும் மேலே திரும்பி வருகிறதா? கால்மிதி மடிந்து தடுத்தாலும், பெடல் முட்டி நிற்கும் ரப்பர் தேய்ந்து விழுந்திருந்தாலும் ஓய்வு நிலை மாறிவிடும். இதற்குக் கருவியே தேவையில்லை.

3. பாட்டரி பலவீனமாக இருந்தால் அதை முதலில் சரி செய்யுங்கள். குறைந்த மின்சாரத்தில் வரும் கோடுகளை நம்பக் கூடாது.

4. பிறகு ஸ்கேனர். மேற்சொன்ன கார்களில் பெடல் சென்சார் கோளாறுக்குச் 'சி 0277' என்ற கோடு வரும். கோடு எந்தச் சர்க்யூட்டில் சந்தேகம் என்று மட்டுமே சொல்லும். சென்சார்தான் கெட்டது என்று சொல்லாது.

5. ஸ்கேனரில் வோல்ட் அளவைப் பார்த்தபடி பெடலை மெதுவாக அழுத்த வேண்டும். அளவு சீராக மாற வேண்டும். நடுவில் துள்ளக் கூடாது. காலை எடுத்ததும் பழைய எண்ணுக்கே திரும்ப வேண்டும். பெடலைத் தொடாமல் கம்பியையும் கனெக்டரையும் மெல்ல அசைக்கும்போது எண் துள்ளினால், குற்றவாளி அங்கேதான் இருக்கிறான்.

6. கம்பியில் 5 வோல்ட்டும் நல்ல எர்த்தும் வந்து, கனெக்டரும் சுத்தமாக இருந்து, அப்போதும் அளவு துள்ளினால் மட்டுமே சென்சாரை மாற்றும் பேச்சு.

7. இறுதியாகக் காலிபரேஷன். அந்த வண்டிக்குரிய கையேட்டின்படி, பெடல் மேல் கால் இல்லாமல் செய்ய வேண்டும். கால் சற்றே பட்டிருந்தாலும், தட்டில் டப்பாவை வைத்துப் பூஜ்யம் போட்ட கதைதான். பின்விளக்கு தாமதமாக எரியும்.

சுலபவழி ஏன் கூடாது?

காலிபரேஷன் சில நிமிட வேலை. ஆகவே, கோடு வந்ததும் நேரே அதைச் செய்து விளக்கை அணைத்து அனுப்பும் பழக்கம் சில இடங்களில் உண்டு. கனெக்டர் அரித்திருந்தால் சில நாளில் அதே கோளாறு திரும்ப வரும். இடைப்பட்ட நாட்களில் நாம் பிரேக் போடுவது பின்னால் வருபவருக்குத் தெரியாமல் போகலாம். அவர் இருசக்கர வண்டியில் வருபவராக இருந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

மேற்கண்ட கார்களில் சென்சார் கெட்டாலும், கால் அழுத்தம் எண்ணெய் வழியாகச் சக்கரத்தைச் சேரும். ஆனால் ஹைபிரிட், மின்சாரக் கார்கள் பலவற்றில் எவ்வளவு பிரேக் பிடிப்பது என்பதையே கம்ப்யூட்டர் சென்சாரைக் கேட்டுத்தான் முடிவு செய்கிறது. அத்தகைய வண்டியில் பிரேக் எச்சரிக்கை விளக்கு எரிந்தால் ஓட்டிப் பார்க்க வேண்டாம். ஓரமாக நிறுத்திவிட்டு, உரிய பயிற்சி பெற்றவரை அழைப்பதே புத்திசாலித்தனம்.

பட்டறையில் பில் வாங்கும்போது மூன்று விவரங்கள் கேட்டு எழுதி வாங்குங்கள்: வந்த கோடு எது, வேலைக்கு முன்னும் பின்னும் பெடலின் ஓய்வு நிலையில் காட்டிய வோல்ட் எவ்வளவு, கனெக்டரில் என்ன செய்தார்கள். சரக்கு வாங்கும்போது எடைச்சீட்டு கேட்பவர்கள் நாம். நம் உயிரையும் பிறர் உயிரையும் காக்கும் பிரேக்குக்கும் அந்தச் சீட்டைக் கேட்கத் தயங்க வேண்டாம்.