புளோயரை இயக்கும் முன் எந்த வால்வு திறந்திருக்க வேண்டும்?

2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப் பட்டறைகளை மூட உத்தரவிட்டது. கழிவுநீரை ஒரு துளியும் வெளியே விடாத ஏற்பாட்டோடுதான் அவற்றால் மீண்டும் இயங்க முடிந்தது. அத்தகைய சுத்திகரிப்பு நிலையங்களில் காற்றூட்டத் தொட்டிக்கு முக்கிய இடம் உண்டு. அழுக்கைத் தின்னும் நுண்ணுயிர்கள் அங்கே பிழைத்திருக்க, லிட்டருக்குச் சுமார் 2 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்க வேண்டும். அதற்கான காற்றை இரவு பகலாகத் தொட்டியின் அடியில் தள்ளுவது புளோயர். கரண்ட் போய் வந்ததும் ஆபரேட்டர் அவசரமாக அதை ஸ்டார்ட் செய்கிறார். டெலிவரி வால்வு அப்போது திறந்திருக்க வேண்டுமா, மூடியிருக்க வேண்டுமா? எல்லா இயந்திரத்துக்கும் பொருந்தும் ஒரே பதில் இதற்கு இல்லை. அந்த இயந்திரம் காற்றை எப்படித் தள்ளுகிறது என்பதைத் தெரிந்துகொண்ட பிறகே பொத்தானில் கை வைக்க வேண்டும்.

பாய்லர் பக்கம் இருக்கும் விசிறி வகை புளோயர், சக்கரத்தின் வேகத்தால் காற்றை வீசி எறிகிறது. வழி மூடியிருந்தால் காற்று நகராது, மோட்டாருக்குச் சுமையும் குறைவு. எனவே காற்றுவழியில் உள்ள டேம்பர் தகட்டை மூடிவைத்து ஸ்டார்ட் செய்து, வேகம் பிடித்த பின் மெல்லத் திறப்பது சரியான பழக்கம். தொட்டிகளுக்குப் பெரும்பாலும் பயன்படும் ரூட்ஸ் புளோயர் இதற்கு நேர் எதிர். அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் ரூட்ஸ் சகோதரர்கள் 1860-இல் காப்புரிமை பெற்ற இந்த அமைப்பில், இரண்டு சுழலிகள் ஒவ்வொரு சுற்றிலும் குறிப்பிட்ட அளவு காற்றைப் பிடித்து மறுபக்கம் தள்ளியே தீரும். போக வழியில்லாவிட்டால் அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். ரிலீஃப் வால்வு திறக்க வேண்டும், அல்லது மோட்டார் டிரிப் ஆக வேண்டும். இரண்டும் நடக்காவிட்டால் இயந்திரம் உடையும். அதனால் இதை டெலிவரி வால்வைத் திறந்துவைத்து, பைபாஸ் வழியாகக் காற்றை வெளியே விட்டபடி ஸ்டார்ட் செய்து, ஆம்பியர் மீட்டர் நிலைத்த பிறகே பைபாஸை மெல்ல மூட வேண்டும்.

காற்றைக் குறைப்பதற்கும் இதே வேறுபாடு பொருந்தும். விசிறி வகையில் டேம்பரைச் சற்று மூடினால் மின்செலவு குறையும். ரூட்ஸில் வால்வை நெருக்கினால் அழுத்தமும் சூடும்தான் கூடும். 5 மீட்டர் ஆழத் தொட்டிக்குத் தேவைப்படும் அரை பார் அழுத்தத்திலேயே வெளியேறும் காற்று 90 டிகிரியை நெருங்கலாம். அந்தப் பைப்பை வெறுங்கையால் தொடக்கூடாது. சுழலிகளுக்கு இடையே மில்லிமீட்டரில் சிறு பகுதியே இடைவெளி. சூட்டில் அவை விரிந்து உரசத் தொடங்கினால் பழுது பெரிது. எனவே ரூட்ஸில் காற்றைக் குறைக்க, வேகத்தைக் குறைப்பதுதான் வழி.

சுழலும் திசையும் இப்படித்தான். மூன்று ஃபேஸில் இரண்டு மாறிப்போனால் மோட்டார் எதிர்த்திசையில் ஓடும். விசிறி அப்போதும் அதே பக்கமே காற்று தரும், ஆனால் மிகக் குறைவாக. எனவே தவறு கண்ணுக்குத் தப்பிவிடும். ரூட்ஸ் எதிர்த்திசையில் ஓடினால் தொட்டிப் பக்கமிருந்து உறிஞ்சும். நான்-ரிட்டர்ன் வால்வு சரியாக மூடாவிட்டால் கழிவுநீரே இயந்திரத்துக்குள் வந்துவிடும். வயரிங்கைத் தொட்ட ஒவ்வொரு முறையும் திசையைச் சரிபார்ப்பது கட்டாயம்.

ரிலீஃப் வால்வும் ஓவர்லோடு ரிலேயும் இருக்கும்போது இத்தனை கவனம் எதற்கு என்று கேட்கலாம். அவை கடைசிக் காவல். தூசி அடைத்த ரிலீஃப் வால்வு திறக்காது. அடிக்கடி டிரிப் ஆகிறதென்று அளவை உயர்த்திவைத்த ரிலே காக்காது. அனுபவம் போதாதா என்பது அடுத்த கேள்வி. பாய்லர் விசிறியில் பல ஆண்டு பழகிய கை, தொட்டிப் பக்கம் மாற்றப்பட்டால் பழக்கத்தால் வால்வை மூடவே போகும். அனுபவசாலியிடம்தான் இந்த ஆபத்து அதிகம் என்பேன். நேரமில்லை என்ற வாதத்தில் மட்டும் ஓரளவு நியாயம் உண்டு, காற்று நின்றால் நுண்ணுயிர்கள் வாடும். ஆனால் மெயினை அணைத்துப் பூட்டிவிட்டுக் கையால் சுழற்றிப் பார்ப்பது, எண்ணெய் மட்டம், ஃபில்டர், பெல்ட் மூடி, வால்வு ஆகியவற்றைப் பார்ப்பது எல்லாம் சில நிமிட வேலை. சுழலி உரசிய இயந்திரத்தைப் பழுதுபார்க்கப் பல நாள் ஆகலாம்.

ஆலை நிர்வாகங்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு புளோயர் மீதும் அதன் வகையையும், ஸ்டார்ட் செய்யும்போது எந்த வால்வு எப்படி இருக்க வேண்டும் என்பதையும் பெரிய எழுத்தில் எழுதிவையுங்கள். தமிழில் மட்டுமல்லாமல், அங்கே வேலை செய்பவர்கள் படிக்கத் தெரிந்த மொழியிலும் எழுதுங்கள்.