செங்கோணமும் ‘ரெத் வின்கெல்’லும்

நோர்வேயில் எட்டாம் வகுப்புக்குப் போகும் தமிழ்ப் பிள்ளையைக் கணக்குப் புத்தகத்தில் தடுமாற வைக்கக்கூடிய ஒரு சின்னச் சொல் ‘ரெத்’. ‘ரெத் லின்யெ’ என்றால் நேர்கோடு. அதே சொல் ‘ரெத் வின்கெல்’ என்று வந்ததும், வீட்டில் தமிழ் பேசுகிற பிள்ளை அதை நேர்கோணம் என்று மனதுக்குள் மாற்றிக்கொள்ளும். யாழ்ப்பாணத்தில் படித்த தாயைக் கேட்டால் நேர்கோணம் 180 பாகை என்பார். நோர்வேப் புத்தகமோ ‘ரெத் வின்கெல்’ 90 பாகை என்கிறது. தாய் சொன்னதிலும் பிழையில்லை, புத்தகத்திலும் பிழையில்லை. ஆனால், அம்மாவின் கணக்கு இந்த நாட்டுக்குச் சரிவராது என்று அந்த இடத்தில் பிள்ளை முடிவு கட்டிவிடலாம். அதன் பிறகு வீட்டுப்பாடத்தைத் தூக்கிக்கொண்டு அம்மாவிடம் வராது.

ஒஸ்லோவுக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் ஆற்றின் இரு கரையிலும் பரந்திருக்கும் திராமன் நகரிலும் இதே கதைதான். பிள்ளையின் அந்த முடிவை மாற்ற ஒரு சொல்லின் வேரைக் காட்டினால் போதும் என்று நான் நம்புகிறேன். ‘ரெத் வின்கெல்’லுக்குத் தமிழ் செங்கோணம். அதில் உள்ள ‘செம்’ சிவப்பு அல்ல. செம்மை என்றால் கோணாமல் நேராக நிற்பது. செங்கோல் வளையாத கோல், கொடுங்கோல் வளைந்த கோல். இதைப் பிள்ளைக்குச் சொல்லிவிட்டால் ‘ரெத்’தும் ‘செம்’மும் ஒரே பொருளைத்தான் சொல்கின்றன என்பது தானாக விளங்கும். நேர்கோணம் வேறு ஆள்: இரண்டு புயங்களும் எதிரெதிர்த் திசையில் நீண்டு ஒரே கோடாகப் படுத்திருப்பது.

அந்த வேரைப் பிடித்துக்கொண்டு இன்னும் கொஞ்சத் தூரம் போகலாம். செங்கோணம், செங்குத்து, செவ்வகம், செம்பக்கம் என்ற நான்கிலும் அதே ‘செம்’ இருக்கிறது. செங்குத்து, ஒரு கோட்டைச் செங்கோணத்தில் சந்திக்கும் கோடு. செவ்வகம், நான்கு மூலையும் செங்கோணமான உருவம். செம்பக்கம், செங்கோணத்துக்கு எதிரே உள்ள பக்கம். நோர்வே மொழியில் இவற்றுக்கு ‘ரெத் வின்கெல்’, ‘நொர்மால்’, ‘ரெக்தாங்கெல்’, ‘ஹிபொதெனுஸ்’ என்று தனித்தனியாக நான்கு சொற்கள். ‘ரெக்தாங்கெல்’லுக்குள்ளும் நேர் என்று பொருள்படும் லத்தீன் வேர் ஒளிந்திருக்கிறது. பதின்மூன்று வயதில் அதை யார் காணப்போகிறார்கள்? ‘நொர்மால்’ அதைவிடச் சிக்கல், ஏனென்றால் சாதாரணமானது என்ற அன்றாடப் பொருள்தான் பிள்ளைக்கு முதலில் ஓடிவரும். தமிழில் இந்த நான்கும் ஒரு குடும்பம் என்பது காதில் விழும்போதே தெரிகிறது.

எல்லா இடத்திலும் தமிழ்தான் எளிது என்று நான் சொல்ல வரவில்லை. ‘ஸ்பிஸ்’ என்றால் கூர்மையானது, ‘ஸ்தும்ப்’ என்றால் மழுங்கியது. கூர்ங்கோணம், விரிகோணம் என்பவற்றைப் போலவே அவையும் படத்தைக் கண்முன் கொண்டுவருகின்றன. இரண்டு பக்கம் சமனான முக்கோணியை நோர்வேக்காரர் ‘லீக்கெபெய்ன்த்’ என்கிறார்கள். ‘பெய்ன்’ என்றால் கால். இரண்டு காலும் ஒரே நீளம். இருசமபக்க முக்கோணி என்ற நம்முடைய நீண்ட பெயரைவிட அது அழகு. முக்கோணிக்கு அவர்கள் வைத்த பெயர் ‘திரேகந்த்’. ‘கந்த்’ என்றால் விளிம்பு. நாம் மூலைகளை எண்ணுகிறோம், அவர்கள் விளிம்புகளை எண்ணுகிறார்கள். ஆனால் நான்குக்கு வரும்போது நாமும் நாற்பக்கல் என்று பக்கங்களை எண்ணத் தொடங்குகிறோம். மூலையை எண்ணினாலும் பக்கத்தை எண்ணினாலும் விடை ஒன்றாக வருவது ஏன் என்று பிள்ளையைக் கேட்டுப் பாருங்கள். அது நல்ல கேத்திர கணிதக் கேள்வி.

முக்கோணி, நாற்பக்கல் என்று நான் எழுதுவதைத் தமிழ்நாட்டு வாசகர்கள் வியப்போடு பார்க்கக்கூடும். அவர்களுக்கு முக்கோணம், நாற்கரம். நமக்கு ஆரை, அவர்களுக்கு ஆரம். நமக்குச் செம்பக்கம், அவர்களுக்குக் கர்ணம். தொடலி அங்கே தொடுகோடு, ஒருங்கிசைவு அங்கே சர்வசமம், கேத்திர கணிதம் அங்கே வடிவியல். வட்டம், விட்டம், நாண், வில், மூலைவிட்டம், கவராயம் இரு கரைக்கும் பொது. இந்த வேறுபாட்டைக் கண்டு தமிழ்க் கலைச்சொல்லே குழப்பம் என்று ஒதுக்கிவிடுபவர்கள் உண்டு. அது நியாயமில்லை. 1936இல் சென்னையில் கலைச்சொல்லாக்க மாநாடு கூடியபோது தலைமை தாங்கியவர் மட்டக்களப்புக்குத் தெற்கே காரைதீவில் பிறந்த சுவாமி விபுலானந்தர். அந்த முயற்சியில் விளைந்த ‘கலைச்சொற்கள்’ தொகுதி 1938இல் வெளிவந்தது. பிறகு இலங்கையில் 1950களில் இடைநிலை வகுப்புகளும் தாய்மொழிக்கு மாறின. அரசகரும மொழித் திணைக்களம் துறை துறையாகச் சொற்றொகுதிகளை வெளியிட்டது. அந்தச் சொற்களில்தான் வடக்கிலும் கிழக்கிலும் மலையகத்திலும் பிள்ளைகள் சாதாரண தரப் பரீட்சைக்கு அமர்ந்தார்கள்.

1980களிலும் பிறகும் நோர்வேக்கு வந்து சேர்ந்த பெற்றோரில் மிகப் பலர் அந்தப் பரீட்சைக்குப் படித்தவர்கள். கணக்கை முழுவதும் தமிழில் படித்த தலைமுறை அது. தரவு, நிறுவ வேண்டியது, அமைப்பு, நிறுவல் என்று தலைப்பிட்டு எழுதிய கை அவர்களுடையது. பக்கம், கோணம், பக்கம் என்பதை ‘ப.கோ.ப.’ என்று சுருக்கி மூன்று எழுத்தில் ஒருங்கிசைவை முடித்தவர்கள். அவர்கள் தங்களுக்கு நோர்வேக் கணக்குத் தெரியாது என்று ஒதுங்கி நிற்பதைப் பார்க்கும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை. கணக்கு அதேதான். அவர்களுக்குத் தெரியாதது முப்பது நாற்பது சொற்கள் மட்டுமே.

2020இல் நடைமுறைக்கு வந்த நோர்வேப் பாடத்திட்டம், கணிதத்தின் கருக்கூறுகளில் ஒன்றாகக் காரணம் காட்டி வாதிடுவதையும் வைத்திருக்கிறது. விடை மட்டும் போதாது. ஏன் என்று எழுத வேண்டும். கேள்வியின் இறுதியில் ‘பெகுருன் ஸ்வாரெ’ என்று வந்தால் விடைக்குக் காரணம் தருக என்று பொருள். ‘தெய்ன்’ என்றால் வரைக. ‘கொன்ஸ்த்ருவெர்’ என்றால் அமைக்க. கவராயமும் நேர்விளிம்பும் மாத்திரம் பயன்படுத்தி அமைக்க என்ற பழைய வினாத்தாள் வரியை மறக்காத பெற்றோருக்கு இந்த வேறுபாட்டை விளக்கத் தேவையே இல்லை. அமைப்பைத் தொடங்கும் முன் கையால் கீறும் ‘யெல்பெஃபிகூர்’ வேறொன்றுமில்லை, நம்முடைய பரும்படிப் படம். இன்று பல வகுப்பறைகளில் கவராயத்தின் வேலையைத் திரையில் ஜியோஜிப்ரா என்ற மென்பொருள் செய்கிறது. அதிலும் செங்குத்து இருசமகூறாக்கியை வரையும் கட்டளைக்குப் பெயர் ‘மித்நொர்மால்’. சொல் தெரியாமல் பொத்தானைக்கூடத் தேட முடியாது.

சில சொற்களில் கவனம் வேண்டும். ‘ஒம்க்ரெட்ஸ்’ செவ்வகத்துக்கும் வட்டத்துக்கும் பொதுவானது. நமக்கு ஒன்று சுற்றளவு, மற்றது பரிதி. ‘ஃபொர்ம்லீக்’ என்றால் வடிவம் ஒத்தது. இலங்கைப் பாடநூலில் அது இயல்பொத்த உருவம். தமிழ்நாட்டின் ‘வடிவொத்த’ என்பது நோர்வேச் சொல்லோடு எழுத்துக்கு எழுத்துப் பொருந்துகிறது. இந்த ஒரு சொல்லுக்குத் தமிழ்நாட்டுப் பெயரையே பிள்ளைக்குச் சொல்லுவேன். தொகுப்பு யாருடையது என்று பார்ப்பதைவிடப் பிள்ளைக்கு எது சட்டென்று விளங்கும் என்று பார்ப்பது முக்கியம்.

இந்தச் சொற்களை வைத்துக் கணக்குச் செய்து பார்க்கத் திராமன் பிள்ளைகளுக்கு ஒரு கொடுப்பினையும் உண்டு. ஊருக்கு மேலே பிராகெர்னெஸ் மலைக்குள் ‘ஸ்பிராலென்’ என்ற சுரங்கச் சாலை சுருண்டு ஏறுகிறது. மலையின் முகத்தை வெட்டிக் கல்லெடுத்ததால் அது அலங்கோலமாகிறது என்று கண்டு, கல்லை மலையின் உள்ளிருந்தே எடுக்கத் தீர்மானித்தார்கள். 1953இல் தொடங்கிய வேலையின் பயனாக 1961இல் சாலை திறக்கப்பட்டது. நீளம் ஏறத்தாழ 1650 மீட்டர், ஆறு சுற்று, சுற்றின் ஆரை சுமார் 35 மீட்டர். பையை 22/7 என்று எடுத்தால் ஒரு சுற்றின் பரிதி 220 மீட்டர், ஆறு சுற்றுக்கு 1320. எஞ்சிய 330 மீட்டர் எங்கே போயிற்று? சாலை முழுக்க வளைவாகவா இருக்கிறது? ஏற்றம் 10 வீதம் என்றால் எவ்வளவு உயரம் ஏறுகிறோம்? இவற்றை அப்பாவும் மகளும் தமிழில் பேசித் தீர்த்துவிட்டு, நோர்வே மொழியில் எழுதிவைக்கலாம்.

கீழே ஆற்றைக் கடக்கும் ‘இப்சிலோன்’ நடைபாலம் 2008இல் திறந்தது. பெயரைப் போலவே மூன்று கிளைகள். மேலிருந்து எடுத்த படத்தை வைத்துப் பாகைமானியால் இரண்டு கோணங்களை அளந்தால் மூன்றாவதை அளக்காமலே சொல்லலாம், ஒரு புள்ளியைச் சுற்றியுள்ள கோணங்களின் கூட்டுத்தொகை 360 பாகை என்பதால். மூன்றாவதையும் அளந்து சரிபார்க்கச் சொல்லுங்கள். ஓரிரு பாகை கூடக் குறைய வந்தால், அது கருவியின் பிழையா கையின் பிழையா என்று பேச இன்னொரு மணி நேரம் கிடைக்கும்.

வார இறுதித் தமிழ்ப் பாடசாலைகளில் இலக்கணத்துக்கும் இலக்கியத்துக்கும் இடம் இருக்கிறது. கேத்திர கணிதச் சொற்களுக்கும் வேண்டும். நோர்வேச் சொல், இலங்கைச் சொல், தமிழ்நாட்டுச் சொல், பக்கத்தில் ஒரு படம் என்று நான்கு நிரல் கொண்ட ஒற்றைத் தாள் போதும். முதல் கிழமை கோணங்கள், அடுத்தது முக்கோணிகள், பிறகு நாற்பக்கல்கள், பிறகு வட்டம். ஆசிரியர் கணக்குப் படித்தவராக இருக்கத் தேவையில்லை. வகுப்பு முடியும்வரை காத்திருக்கும் பெற்றோரில் சாதாரண தரத்தில் கணிதம் சித்தியடைந்த ஒருவரை உள்ளே அழைத்தால் நடக்கும். நோர்வேயில் புதிய பாடசாலை ஆண்டு ஓகஸ்டில் தொடங்குகிறது. எட்டாம் வகுப்புக்குப் போகும் பிள்ளைகளுக்கு அந்தத் தாளை யூனிலேயே கொடுத்துவிடலாம்.