ஒலிப் பொத்தானும் துப்பாக்கியும்: வீடியோ விளையாட்டு ஆய்வுகள் அளந்தது எதை?

சுடுவதையும் வெட்டுவதையும் மையமாகக் கொண்ட வீடியோ விளையாட்டுகள், அவற்றை ஆடுவோரை நிஜ வாழ்விலும் வன்முறையில் இறக்கிவிடுகின்றனவா என்னும் கேள்வி, 1976-இல் அமெரிக்காவில் ‘டெத் ரேஸ்’ என்னும் விளையாட்டு இயந்திரம் வெளிவந்த காலத்திலேயே எழுந்துவிட்டது. 1993-இல் ‘மார்ட்டல் காம்பாட்’ முதலிய விளையாட்டுகள் குறித்து அந்நாட்டு செனட் சபை விசாரணை நடத்த, அடுத்த ஆண்டே இன்ன விளையாட்டு இன்ன வயதினருக்கு உரியது என்று உறையில் அச்சிடும் தர முறை நடைமுறைக்கு வந்தது. 1999-இல் கொலம்பைன் உயர்நிலைப் பள்ளியில் பலரைச் சுட்டுக்கொன்ற இரு மாணவர்களும் ‘டூம்’ விளையாட்டில் ஊறியவர்கள் என்று தெரியவந்த பிறகு, இந்தக் கேள்வியில் இனி ஆராய ஒன்றுமில்லை என்றே பலரும் முடிவுகட்டிவிட்டனர்.

உளவியலார் ‘ஆக்ரோஷம்’ என்று குறிப்பிடுவது, பிறருக்குச் சிறிதளவேனும் தீங்கு செய்ய முனையும் எந்தச் செயலையும் உள்ளடக்கும். ‘வன்முறை’ என்பதோ கடும் உடற்காயத்திலோ மரணத்திலோ முடியக்கூடிய தாக்குதலை மட்டுமே குறிக்கும். ஆய்வுக்கூடத்தில் ஒருவரை மற்றொருவர் அடிக்கவிட்டுப் பார்க்க எந்த அறநெறியும் இடம் தராது என்பதால், ஆய்வாளர்கள் மாற்று வழிகளைக் கைக்கொண்டனர். கிரெய்க் ஆண்டர்சனும் கேரன் டில்லும் 2000-இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வில், கல்லூரி மாணவர்களில் ஒரு சாரார் சுடும் விளையாட்டான ‘வுல்ஃபென்ஸ்டைன் 3டி’யையும், மற்றொரு சாரார் புதிர் விளையாட்டான ‘மிஸ்ட்’டையும் ஆடினர். பின்னர் அவர்கள் கணினியின் முன் அமர்த்தப்பட்டு, கண்ணுக்குத் தெரியாத ஓர் எதிராளியோடு யார் முதலில் பொத்தானை அழுத்துவது என்று போட்டியிட்டனர். தோற்றவரின் காதில் எரிச்சலூட்டும் இரைச்சல் ஒன்று ஒலிக்கும், அது எவ்வளவு உரக்க, எவ்வளவு நேரம் ஒலிக்க வேண்டும் என்பதை எதிராளியே தீர்மானிப்பார். உண்மையில் எதிராளி என்று எவரும் இல்லை; வெற்றி தோல்விகளைக் கணினியே முன்கூட்டி வகுத்திருந்தது. சுடும் விளையாட்டை ஆடியவர்கள் தாம் தோற்ற சுற்றுகளுக்குப் பிறகு சற்றே நீண்ட இரைச்சலைத் தேர்ந்தனர் என்பதே கிடைத்த முடிவு. வேறு சில ஆய்வுகளில், காரம் பிடிக்காது என்று சொன்ன ஒருவருக்கு, ஆய்வில் பங்கேற்பவர் எவ்வளவு காரச் சாற்றை ஊற்றித் தருகிறார் என்பதே ஆக்ரோஷத்தின் அளவாகக் கொள்ளப்பட்டது.

இரைச்சல் நீண்டதற்கும் துப்பாக்கி வெடிப்பதற்கும் இடையே உள்ள தொலைவை, இந்த முடிவுகளைத் தலைப்புச் செய்தியாக்கியவர்கள் ஒரே தாவலில் கடந்துவிட்டனர். இரைச்சல் சோதனையைக் கணக்கிடுவதிலும் ஒழுங்கு இல்லை: ஜெர்மானிய உளவியலாளர் மால்ட்டே எல்சன், இச்சோதனையைப் பயன்படுத்திய 130 கட்டுரைகளில் 150-க்கும் மேற்பட்ட கணக்கிடும் முறைகள் கையாளப்பட்டிருப்பதைக் கண்டறிந்தார். தரவைப் பார்த்த பிறகு கணக்கிடும் முறையைத் தேர்ந்துகொள்ளலாம் என்னும் நிலை இருந்தால், வேண்டிய முடிவை எவரும் எட்டிவிட முடியும். எரிச்சல் தோன்றுவதற்கு வன்முறைக் காட்சியே தேவையில்லை என்பதையும் ஆண்ட்ரூ பிரிஸ்பில்ஸ்கி குழுவினர் 2014-இல் காட்டினர்; அவர்கள் கட்டைகளை அடுக்கும் ‘டெட்ரிஸ்’ விளையாட்டையே, ஒவ்வொரு முறையும் பொருந்தாத கட்டை வந்து விழும்படி மாற்றியமைத்துத் தந்தபோது, ரத்தம் எதையும் பாராத ஆட்டக்காரர்களிடமும் ஆக்ரோஷம் கூடியது.

எனினும் எதிர்த்தரப்பை ஒதுக்கிவிடுவது நேர்மையாகாது. பல ஆய்வுகளின் எண்களை ஒன்றுசேர்த்துக் கணிக்கும் தொகுப்பாய்வு முறையில் ஆண்டர்சன் குழுவினர் 2010-இல் சுமார் 1,30,000 பேரின் தரவுகளை ஆராய்ந்து, சிறிதே ஆயினும் தொடர்பு உண்டு என்றனர். 2018-இல் சிறுவர்களையும் பதின்வயதினரையும் காலப்போக்கில் பின்தொடர்ந்த 24 ஆய்வுகளைத் தொகுத்தபோதும், மிகச் சிறிய ஒரு தொடர்பு எஞ்சவே செய்தது. மறுபுறம், எதை எப்படி அளக்கப்போகிறோம் என்பதைத் தரவு திரட்டும் முன்பே எழுதிப் பதிவு செய்துவிட்டு, பிரிட்டனில் 14, 15 வயதுடைய ஏறத்தாழ ஆயிரம் பேரிடமும் அவர்களது பெற்றோரிடமும் நடத்தி 2019-இல் வெளியிடப்பட்ட ஆய்வு, எந்தத் தொடர்பையும் காணவில்லை. ஜெர்மனியில் இரண்டு மாதங்கள் நாள்தோறும் வன்முறை நிறைந்த ‘கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 5’ ஆடியவர்களிடமும், வன்முறையற்ற ‘சிம்ஸ் 3’ ஆடியவர்களிடமும், எதையும் ஆடாதவர்களிடமும் ஆக்ரோஷத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு ஏற்படவில்லை.

சிறுவர்களுக்கு வன்முறை விளையாட்டுகளை விற்பதைத் தடைசெய்த கலிபோர்னியச் சட்டத்தை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2011-இல் 7-க்கு 2 என்ற பெரும்பான்மையில் செல்லாதென்று அறிவித்தபோது, ஆடிய சில நிமிடங்களில் எழும் சிறு மாற்றங்களைத் தாண்டி இந்த ஆய்வுகள் எதையும் நிறுவவில்லை என்பதையும் சுட்டிக்காட்டியது. ஆக்ரோஷத்தோடு தொடர்பு உண்டு என்று 2015-இல் தீர்மானம் இயற்றிய அமெரிக்க உளவியல் சங்கம், 2020-இல் அதைத் திருத்தி வெளியிட்டபோதும் சிறு தொடர்பு ஒன்றை ஏற்றது. ஆனால் கொலை முதலிய வன்முறைச் செயல்களுக்கு விளையாட்டைக் காரணமாக்குவது அறிவியலுக்குப் பொருந்தாது என்றும், அது பிற காரணங்களிலிருந்து கவனத்தைத் திருப்பிவிடும் என்றும் எச்சரித்தது. 1990-களின் நடுப்பகுதிக்குப் பின் அமெரிக்காவில் விளையாட்டு விற்பனை பெருகிவந்த ஆண்டுகளில் இளையோரின் வன்குற்றங்கள் பெருமளவு குறைந்தன என்பதும் இங்கே எண்ணிப் பார்க்கத்தக்கது. விற்பனைதான் குற்றத்தைக் குறைத்தது என்று அதற்குப் பொருளில்லை, ஆனால் முன்னுரைக்கப்பட்ட பேரழிவு வரவில்லை.

பதினெட்டு வயதுக்கு மேற்பட்டோருக்கென்று முத்திரையிடப்பட்ட விளையாட்டைப் பத்து வயதுப் பிள்ளையின் கையில் கொடுக்கலாகாது. அதற்கு அச்சமும் கெட்ட உறக்கமுமே போதிய காரணங்கள். அதே வேளையில், 2019 மார்ச்சில் குஜராத்தின் ராஜ்கோட்டில் சுடும் விளையாட்டான ‘பப்ஜி’யை ஆடியதற்காகவே மாணவர்களைக் காவல்துறை கைது செய்தது, நிறுவப்படாத ஒரு குற்றச்சாட்டின் பேரில் இளைஞர்களுக்கு இழைக்கப்பட்ட அநீதியே ஆகும். அதே ஆண்டு ஆகஸ்டில் டெக்சாஸின் எல் பாசோ நகர அங்காடியில் நிகழ்ந்த படுகொலைக்குப் பின் அமெரிக்க அதிபர் கொடூரமான வீடியோ விளையாட்டுகளைச் சாடினார். அங்கே 23 பேர் உயிரிழக்கக் காரணமானவன் 2023-இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது, இலத்தீன் அமெரிக்க வம்சாவளியினர் மீதான வெறுப்பினால் செய்த குற்றங்களை.