பேக்கேஜ் எடுத்தவன் வாய் திறக்கக் கூடாதா?

தொழிலாளத் தோழர்களே, 'பேக்கேஜ்' என்ற சொல் இன்று நம் லயத்து வாசல் வரைக்கும் வந்துவிட்டது. கல்யாண மண்டபத்துக்குப் பேக்கேஜ், காசி இராமேஸ்வரத்துக்குப் பேக்கேஜ், பள்ளி விடுமுறையில் போர்ட்டிக்சன் கடற்கரையில் இரண்டு பகல் ஓர் இரவுக்குப் பேக்கேஜ். ஆளுக்கு இவ்வளவு வெள்ளி என்று கட்டிவிட்டால் அறையும் உண்டு, காலைப் பசியாறலும் உண்டு, பஸ்ஸும் உண்டு. செம்பனைக் குலை வெட்டிச் சம்பாதிக்கிற குடும்பத்துக்கு இது ஒரு வசதிதான். முன்பெல்லாம் போர்ட்டிக்சன் என்றால் என்ன செய்தோம்? தோட்டத்து லோரியில் ஏறி, சட்டியில் புளிச்சோறு கட்டிக்கொண்டு போய், தெலுக் கெமாங்கில் குளித்துவிட்டுப் பொழுது சாய்வதற்குள் திரும்பி வந்தோம். விடுதிக்குள் கால் வைத்தவர் நம்மில் எத்தனை பேர்?

இப்போது கால் வைக்கிறோம். காசு கொடுத்துத்தான் வைக்கிறோம். அங்கேதான் இந்தக் கேள்வி எழுகிறது. மொத்தமாகப் பேசி, மலிவாக வாங்கிய பேக்கேஜில், "எங்கள் பாட்டிக்குக் கீழ்மாடியில் அறை வேண்டும்", "எங்களுக்குச் சைவம் வேண்டும்" என்று தனியாக ஒன்றைக் கேட்கலாமா? கேட்டால் விடுதிக்காரர் செய்து கொடுக்கத்தான் வேண்டுமா?

சிரம்பான் லோபாக் வட்டாரத்திலிருந்து புறப்பட்ட ஒரு கூட்டத்தோடு நாமும் போயிருந்தோம். தோட்டத்தை விட்டு வந்து வீடு எடுத்துக் குடியேறிய குடும்பங்கள் பாதி, இன்னும் தோட்டத்திலேயே இருக்கிற உறவுக்காரர்கள் பாதி, ஆக நாற்பது பேருக்கு மேல். புரட்டாசி மாதம். வயதான அம்மா ஒருவருக்கு முழங்கால் வீங்கி, படி ஏற முடியாது. கைக்குழந்தைக்காரி ஒருத்திக்கு இரவில் பால் கரைக்க வெந்நீர் வேண்டும். சைவம் பிடிக்கிறவர்கள் பன்னிரண்டு பேர். இதையெல்லாம் ஏற்பாட்டாளர்கள் ஏஜெண்டிடம் தொலைபேசியில் சொல்லியிருந்தார்கள். ஏஜெண்டும் "ஓகே, ஓகே" என்றாராம்.

கவுண்டரில் இருந்த பையன் கம்ப்யூட்டரைப் பார்த்தான். "அப்படி ஒண்ணும் எழுதலையே அங்கிள். பேக்கேஜ்னா பேக்கேஜ்தான், மாத்த முடியாது" என்றான். முழங்கால் வலிக்கார அம்மாவுக்குக் கிடைத்தது நான்காம் மாடி. லிஃப்ட் இருந்தது, ஆனால் லிஃப்டுக்குப் போகிற வழியிலேயே ஆறு படி. காலைப் பசியாறலில் நாசி லெமாக், அதில் நெத்திலி. மீ கோரெங்கில் முட்டை. சரி, கீரை இருக்கிறதே என்று காங்கோங்கை அள்ளி வைத்தால் அதில் பெலாச்சான். பன்னிரண்டு பேரும் ரொட்டியில் ஜாம் தடவித் தின்றார்கள். அதே கூட்டத்தில் ஓர் இளைஞர், தம்முடைய பிறந்தநாள் என்பதால் கடலைப் பார்த்த அறை வேண்டும், பலூன் கட்ட வேண்டும், மறுநாள் மாலை நான்கு மணிவரை அறையைக் காலி செய்ய மாட்டேன் என்று குரலை உயர்த்தினார். அவருக்கும் இல்லை என்றார்கள், அந்த அம்மாவுக்கும் இல்லை என்றார்கள். இரண்டு 'இல்லை'யும் ஒன்றா? நாம் ஒன்றென்று சொல்ல மாட்டோம்.

முதலில் விடுதிக்காரர் பக்கத்து நியாயத்தையும் பார்த்துவிடுவோம். பேக்கேஜ் ஏன் மலிவு? எல்லாருக்கும் ஒரே மாதிரி என்பதால்தான் மலிவு. இருபது அறையை ஒரே வரிசையில் ஒதுக்கி, நாற்பது பேருக்கு ஒரே சட்டியில் சமைத்து, ஒரே நேரத்தில் சாவி கொடுத்து ஒரே நேரத்தில் சாவி வாங்குவதால் செலவு குறைகிறது. பலரும் வராத வார நாளில் அறை காலியாகக் கிடப்பதைவிடக் குறைந்த விலைக்காவது போகட்டும் என்ற கணக்கும் அதில் உண்டு. ஆளுக்கு ஒன்று கேட்டால் அந்தக் கணக்கு உடைந்துவிடும் என்பது பொய்யில்லை. கடலைப் பார்த்த அறைக்கு வேறு விலை. அதைக் கேட்பவர் கூடுதல் பணம் கட்டத்தான் வேண்டும். பலூன் தம்பிக்கு நாம் வக்காலத்து வாங்கப் போவதில்லை.

ஆனால் ஆறு படி ஏற முடியாத கால் ஆசைப்பட்டுக் கேட்பதில்லையே! நம் வேலையையே எடுத்துக்கொள்ளுங்கள். நிரை எல்லாருக்கும் ஒன்றுதான். அதற்காகப் பிள்ளை பெற்றவளையும் மறுநாள் காலைப் பெரட்டுக்கு வா என்று சட்டம் சொல்கிறதா? 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தில் 60 நாளாக இருந்த பிரசவ விடுப்பு, 2023 ஜனவரி முதல் 98 நாள் ஆயிற்று. எல்லாருக்கும் பொதுவான ஒழுங்குக்குள்ளேயே இவருக்கு மட்டும் வேறு என்று ஓர் இடம் ஒதுக்குவது தொழிற்சங்கத்துக்குப் புதிதல்ல. அப்படி ஒதுக்குவதைச் சலுகை என்று யாரும் சொல்வதில்லை. 2008-ஆம் ஆண்டின் உடற்குறையுடையோர் சட்டமும் பொதுமக்கள் புழங்கும் கட்டடங்களுக்குள் அவர்கள் போய்வரும் உரிமையை ஏற்றிருக்கிறது. மீறினால் தண்டனை என்று அதில் பல் இல்லாதது வேறு கதை. அதைப் பற்றி இன்னொரு வாரம் எழுதலாம்.

சைவச் சாப்பாட்டு விஷயம் கொஞ்சம் சிக்கல். "விடுதியில் கிடைக்காது என்றால் நாமே சமைத்துக் கொண்டுபோகலாமே" என்பீர்கள். ஹலால் சான்றிதழ் பெற்ற சமையலறையும் சாப்பாட்டுக் கூடமும் வெளிச் சாப்பாட்டை உள்ளே விடாது. விட்டால் சான்றிதழுக்கே ஆபத்து. 2016 இறுதியில் ஒரு துரித உணவு நிறுவனம், ஹலால் முத்திரை இல்லாத பிறந்தநாள் கேக்கை உள்ளே கொண்டுவரக் கூடாது என்று சொன்னபோது நாடே அதைப் பற்றிப் பேசியது நினைவிருக்கும். அது அவர்கள் மதம் சார்ந்த ஒழுங்கு. அதை நாம் மதிக்கத்தான் வேண்டும், அதில் பேச்சில்லை. ஆனால் அதனாலேயே விடுதிக்காரரின் பொறுப்பு கூடுகிறது என்பது நம் வாதம். வெளியிலிருந்து கொண்டுவரவும் கூடாது, உள்ளேயும் கிடையாது என்றால் சைவம் பிடிக்கிறவன் பட்டினிதானே? பெலாச்சான் போடாமல் ஒரு சட்டி கீரை வதக்குவதற்குத் தனிச் சமையல்காரர் வேண்டியதில்லை. பன்னிரண்டு பேர் முன்கூட்டியே சொல்லியிருக்கும்போது அது முடியாத காரியமில்லை.

'முன்கூட்டியே சொல்லியிருக்கும்போது' என்றோமே, வழக்கின் உயிர் அங்கேதான் இருக்கிறது. இதற்கு ஒரு பழைய வழக்கு உண்டு. அதுவும் நம்மவர் வாழும் இலங்கை மண்ணில் நடந்த சங்கதி. ஜாக்சன் என்ற ஓர் ஆங்கிலேயர், மனைவியையும் மூன்று சிறு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு 1971-இல் நான்கு வாரம் இலங்கையில் கழிக்கப் பேக்கேஜ் எடுத்தார். விலை 1,200 பவுன். அந்தக் காலத்தில் பெரிய தொகை. மனிதர் விவரமானவர். தமக்கு என்னென்ன வேண்டும் என்று முன்கூட்டியே கடிதம் எழுதிவிட்டார். பிள்ளைகளின் அறைக்கும் தம் அறைக்கும் இடையே கதவு இருக்க வேண்டும் என்பது அதில் ஒன்று. நிறுவனமும் சரி என்றது. போய்ப் பார்த்தால் பேசிய விடுதி கட்டி முடியவில்லை. மாற்றிக் கொடுத்த விடுதியில் பிள்ளைகளின் அறைச் சுவர் பூஞ்சை பிடித்துக் கிடந்தது. குடும்பமே ஒரே அறைக்குள் படுத்தது. சாப்பாடு தேங்காயெண்ணெயில் செய்தது போல இருக்கிறது, வாயில் வைக்க முடியவில்லை என்பது அவருடைய இன்னொரு புகார். இதைப் படிக்கும் நம் வீட்டுப் பெண்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்! அவரவர் நாக்கு அவரவருக்கு.

ஊருக்குத் திரும்பி வழக்குப் போட்டார். 1,100 பவுன் நஷ்டஈடு தீர்ப்பாயிற்று. நிறுவனம் மேல்முறையீடு செய்தது. லார்ட் டென்னிங் தலைமையிலான அமர்வு அந்தத் தொகையில் ஒரு பென்னியும் குறைக்கவில்லை. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர் ஒருவர்தான் என்றாலும், மனைவி மக்கள் பட்ட அவதியையும் சேர்த்துப் பார்க்கலாம் என்றார் டென்னிங். பின்னர் 1980-இல் பிரபுக்கள் சபை அவர் சொன்ன சட்டக் காரணத்தைக் குறை சொன்னது, ஆனால் கொடுத்த தொகை தவறென்று சொல்லவில்லை. ஐரோப்பாவில் 1990-ஆம் ஆண்டிலேயே பேக்கேஜ் சுற்றுலாவுக்கென்று ஒரு கட்டளை பிறந்தது. பயணி பதிவு செய்யும்போது சொல்லி, இரு தரப்பும் ஏற்றுக்கொண்ட தனிக் கோரிக்கைகள் ஒப்பந்தத்திலேயே எழுதப்பட வேண்டியவை என்றது அது. 2015-இல் புதுப்பிக்கப்பட்ட கட்டளையிலும் அந்த விதி தொடர்கிறது. கேட்டால் மட்டும் போதாது, கேட்டதை அவர் ஏற்க வேண்டும். ஏற்ற பிறகு அதை உபகாரம் என்று சொல்லிக்கொள்ள முடியாது, அது அவர் பட்ட கடன்.

நம் நாட்டில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அதன் 54-ஆம் பிரிவு சொல்வது இதுதான்: இன்ன காரியத்துக்காக இந்தச் சேவை எனக்கு வேண்டும் என்று, ஒப்பந்தம் செய்வதற்கு முன்போ செய்யும்போதோ நீங்கள் தெரிவித்துவிட்டால், அந்தக் காரியத்துக்கு அந்தச் சேவை நியாயமான அளவு பொருந்த வேண்டும். "நடக்க முடியாத ஒருவர் எங்களோடு வருகிறார்" என்று சொல்லிப் பதிவு செய்வதும், சொல்லாமல் பதிவு செய்வதும் சட்டத்தின் கண்ணுக்கு வேறு வேறு. அதே சட்டத்தின் கீழ் பயனீட்டாளர் நடுவர் மன்றமும் இருக்கிறது. மனுக் கட்டணம் 5 வெள்ளி. வக்கீல் வேண்டியதில்லை, வைக்கவும் கூடாது. 50,000 வெள்ளி வரை கோரலாம். மூன்று ஆண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும். தீர்ப்பு வந்து 14 நாளுக்குள் எதிராளி அதை நிறைவேற்றாவிட்டால் அதுவே குற்றம். கோர்ட்டு என்றாலே பயப்படுகிற நம் ஆட்கள் இதற்குப் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் அங்கே போய் "போனில் ஓகே சொன்னாருங்க" என்று நின்றால், ஏஜெண்டு "நான் சொல்லவே இல்லை" என்பார். அப்புறம் யார் வாயை யார் நம்புவது?

இன்னொரு பக்கமும் இருக்கிறது, தோழர்களே. தொழிற்சங்கக்காரர்கள் நாம் இதைச் சொல்லாமல் விட்டால் வேறு யார் சொல்வார்கள்? அன்று மாலை நம் மாடிக்கு அறை சுத்தம் செய்ய வந்தது ரந்தாவ் பக்கத்துத் தோட்டத்துப் பெண். நம் பேச்சைக் கேட்டதும், "பாட்டிக்குக் கீழ ரூம் கேட்டீங்களாமே அண்ணே, நான் சூப்பர்வைசர்கிட்ட சொல்லிப் பார்க்கிறேன்" என்று போனாள். அரை மணி நேரத்தில் முதல் மாடியில் காலியாக இருந்த ஓர் அறையைத் திறந்துவிட்டு, தானே மூட்டையைத் தூக்கி வந்தாள். கைக்குழந்தைக்குப் பிளாஸ்கில் வெந்நீரும் அவள்தான் கொண்டுவந்தாள். "உனக்குக் கஷ்டமில்லையாம்மா?" என்றோம். "கஷ்டம் என்னண்ணே, ஆனா என் ரூம் கணக்கு மட்டும் குறையாது. இன்னும் நாலு ரூம் பாக்கி இருக்கு" என்றாள்.

கவுண்டரில் 'சரி' என்று ஒருவர் தலையாட்டினால், அந்தச் சுமை இப்படி ஓர் ஆளின் முதுகில்தான் இறங்குகிறது. கூடுதல் மெத்தையை மாடிக்கு இழுப்பவரும், தனிச் சட்டி கழுவுபவரும் நம் வீட்டுப் பிள்ளைகள்தான். தோட்ட வேலை சுருங்கிய பிறகு போர்ட்டிக்சன், சிரம்பான் விடுதிகளுக்கு வேலைக்குப் போனவர்கள் எத்தனை பேர் என்று உங்கள் லயத்திலேயே எண்ணிப் பாருங்கள். பில்லில் பத்து விழுக்காடு சேவைக் கட்டணம் என்று போடுகிறார்களே, அந்தப் பணத்தை எடுத்தே குறைந்தபட்சச் சம்பளத்தைச் சரிக்கட்டப் பார்த்தார்கள் சில முதலாளிகள். தீபகற்ப மலேசிய ஹோட்டல், பார், ரெஸ்டாரண்ட் தொழிலாளர் தேசிய சங்கம் வழக்காடியது. சேவைக் கட்டணம் தொழிலாளிக்கு உரியது, அதைக் குறைந்தபட்சச் சம்பளத்தோடு சேர்த்துக் கணக்குக் காட்ட முடியாது என்று கூட்டரசு நீதிமன்றம் 2021-இல் தீர்த்தது. 2025-இல் அந்தக் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. இந்தத் தீர்ப்பு தெரியாத பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள். விடுதியில் வேலை செய்யும் மகனோ மகளோ வீட்டுக்கு வந்தால், சம்பளச் சீட்டைக் காட்டச் சொல்லிப் பாருங்கள்.

ஆகவே விடுதிக்காரரிடம் நாம் கேட்பது இரண்டு. நோய், முதுமை, குழந்தை, மத ஆசாரம் ஆகியவற்றை ஒட்டி முன்கூட்டியே வரும் கோரிக்கைகளை, பேக்கேஜ் என்று காரணம் காட்டித் தள்ளாதீர்கள். உண்மையிலேயே முடியாது என்றால், பணம் வாங்குவதற்கு முன்பே முடியாது என்று எழுதிக் கொடுங்கள், நாங்கள் வேறு இடம் பார்த்துக்கொள்கிறோம். இன்னொன்று, ஏற்றுக்கொண்ட கோரிக்கைக்கு ஆள் நேரமும் ஒதுக்குங்கள். அந்த ரந்தாவ் பெண்ணின் அறைக் கணக்கில் ஒன்றாவது குறைந்திருக்க வேண்டாமா?

அடுத்த விடுமுறைக்கு இப்போதே பேசிக்கொண்டிருக்கும் லோபாக் தோழர்களுக்கும் சுற்றுவட்டாரத் தோட்டத் தலைவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஏஜெண்டிடம் முதலில் சுற்றுலா அமைச்சின் லைசென்ஸ் எண்ணைக் கேளுங்கள். விலைக்குப் பின்னால் இரண்டு கூட்டல் குறி போட்டிருந்தால், சேவைக் கட்டணமும் வரியும் தனி என்று அர்த்தம். மொத்தம் எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். படி ஏற முடியாதவர் எத்தனை பேர், சைவம் எத்தனை பேர், முட்டை சேருமா சேராதா, கைக்குழந்தை எத்தனை என்பதை மலாயில் ஒரு தாளில் எழுதி, ஏஜெண்டுக்கும் விடுதிக்கும் ஒவ்வொரு பிரதி அனுப்புங்கள். தோட்டப் பள்ளி வாத்தியாரிடமோ, ஐந்தாம் படிவம் படிக்கும் பிள்ளையிடமோ கொடுத்தால் பத்து நிமிடத்தில் எழுதித் தருவார்கள். வாட்சப்பில் அனுப்பினாலும் போதும், அழிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். விடுதியிலிருந்து பதில் வந்த பிறகு முன்பணம் கட்டலாம்.