பல்லின் வேருக்குப் பாயும் நீர்

பல்லுக் கொதியினால் இராப்பொழுது முழுவதும் உறக்கமின்றிக் கிடந்தவர், விடிந்ததும் வைத்தியரிடம் சென்று முதலில் வேண்டுவது அப்பல்லைப் பிடுங்கிவிடுமாறுதான். பிடுங்கினால் நோவு தீரும் என்பது மெய்யே. ஆயினும் கடைவாய்ப் பல் ஒன்று போய்விடின் அயலிலுள்ள பற்கள் அவ்விடைவெளியை நோக்கிச் சாய்கின்றன. எதிர்த்தாடையிலுள்ள பல் தாங்குவாரின்றி மெல்ல மெல்ல வெளியே நீள்கின்றது. யாழ்ப்பாணத்தில் ஒடியலையும் முறுக்கையும் கடித்து உண்டு பழகியவருக்கு இது சிறு இழப்பன்று. பல்லை இருந்த இடத்திலேயே காப்பாற்றும் வழி ஒன்றுண்டு. அதுவே வேர்க்கால்வாய்ச் சிகிச்சை எனப்படுவது.

பல்லின் நடுவே நரம்பும் குருதிக்குழாய்களும் நிறைந்த மென்மையான பற்கூழ் இருக்கின்றது. வேரின் நுனிவரை அது ஒடுங்கிய கால்வாய்களின் வழியே செல்கின்றது. சூத்தை ஆழ்ந்து கிருமிகள் அங்கே புகுந்தால், பற்கூழ் அழுகி, வேரின் நுனியிற் சீழ் கட்டுகின்றது. இதற்குக் கிருமிகளே காரணம் என்பதை 1965ஆம் ஆண்டில் அமெரிக்காவிற் செய்யப்பட்ட ஓர் ஆராய்ச்சி ஐயத்திற்கிடமின்றி நிறுவியது. கிருமியே அற்ற சூழலில் வளர்க்கப்பட்ட எலிகளின் பற்கூழைத் திறந்துவிட்டபோது அது தானாகவே ஆறியது. சாதாரண எலிகளிலோ அதே காயம் அழுகிச் சீழ் பிடித்தது. ஆகவே கால்வாயிலுள்ள கிருமிகளை ஒழித்து, பின்னர் அதனை இறுக அடைத்துவிடுவதே சிகிச்சையின் நோக்கம்.

ஊசிபோன்ற அரங்களை உள்ளே செலுத்திச் சுரண்டினாற் போதாதோ எனின், போதாது. வேர்க்கால்வாய் நேரான குழாயன்று. சூரிச் நகரத்து வால்ட்டர் ஹெஸ் என்பார், பிடுங்கிய பற்களின் கால்வாய்களில் இறப்பரை நிரப்பி, பல்லைக் கரைத்து எஞ்சிய அச்சுருக்களை ஆராய்ந்தார். 1925இல் ஆங்கிலத்தில் வெளிவந்த அவரது நூலைக் கண்டோர் திகைத்தனர். கிளைகளும், இரு கால்வாய்களை இணைக்கும் மெல்லிய பிளவுகளும், நுனியில் விரிந்த சிறு வாய்க்கால்களுமாக ஒவ்வொரு வேரும் ஒரு வடிகாற் பரப்பாகவே தோன்றியது. எவ்வகை அரத்தைக் கையாண்டாலும் கால்வாய்ச் சுவரின் மூன்றிலொரு பங்குக்கு மேற்பட்ட பகுதியை அது தொடுவதேயில்லை என்பது பிற்காலத்து நுண்கதிர்ப் படங்களால் அறியப்பட்டது. அரம் செல்லாத இடத்துக்குத் திரவம் ஒன்றே செல்லக்கூடும். எனவே கழுவுதல் இச்சிகிச்சையில் துணைவேலையன்று. பாதிக்கு மேற்பட்ட வேலை அதுவே எனலாம்.

எதனாற் கழுவுவது? உப்புநீர் தீங்கற்றது, ஆயின் கிருமியைக் கொல்லாது, இறந்த தசையைக் கரைக்கவும் மாட்டாது. சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஐதரசன் பேரொட்சைட்டு பெரிதும் வழக்கிலிருந்தது. அதன் நுரை கழிவை மேலே தள்ளுமெனினும் தசையைக் கரைப்பதில் அது வலுக்குன்றியது. இன்று உலகெங்கும் முதலிடம் பெற்றிருப்பது சோடியம் ஐப்போகுளோரைற்று என்னும் திரவமாகும். சலவைக்கு உதவும் வெளிற்றுத் திரவமும், வெள்ளம் வடிந்தபின் கிணறுகளுக்குச் சுகாதாரப் பரிசோதகர் இடும் குளோரின் தூளும் இதற்கு இனமானவையே.

இங்கே கிணற்றைக் கருதுவது பொருத்தமுடையது. குளோரின் இடுமுன் கிணற்றை இறைத்துச் சேற்றையும் இலைகுழைகளையும் அகற்றவேண்டும் என்று பரிசோதகர் வற்புறுத்துவதன் காரணம் யாது? அழுக்கு மிகுந்த நீரில் குளோரின் முழுவதும் அழுக்கோடு பொருதியே செலவாகிவிடும். கிருமிக்கென எஞ்சுவது சொற்பம். பல்லின் கால்வாயிலும் இவ்வாறே நிகழ்கின்றது. ஒரு துளி ஐப்போகுளோரைற்று அழுகிய பற்கூழைத் தொட்ட சிறிது நேரத்தில் தன் வலுவை இழக்கின்றது. அதனைப் புதுப்பித்துக்கொண்டேயிருத்தல் வேண்டும்.

இவ்வுண்மையை முதலில் நடைமுறையிற் காட்டியவர்கள் பல்வைத்தியர்களல்லர். முதலாம் உலகப் போரின்போது பிரான்சில் ஹென்றி டேக்கின் என்னும் இரசாயன அறிஞர் 0.5 வீதம் அளவில் இத்திரவத்தைச் செம்மைப்படுத்தினார். அலெக்சிஸ் கரல் என்னும் சத்திரவைத்தியர் அதனைப் போர்வீரரின் காயங்களில் ஒருதரம் ஊற்றிவிட்டு அமையவில்லை. காயத்தின் ஆழத்திலே சிறு இறப்பர்க் குழாய்களைப் பதித்து, இரண்டு மணித்தியாலத்துக்கொரு முறை புதுத் திரவத்தைப் பாய்ச்சினார். திரவம் ஒருவருடையது, பாய்ச்சும் முறை மற்றவருடையது. இரண்டும் சேர்ந்தே பயன் விளைந்தது.

பல்வைத்தியத்தில் 0.5 முதல் ஏறக்குறைய 6 வீதம் வரை இத்திரவம் கையாளப்படுகின்றது. செறிவு கூடினால் கரைக்கும் வேகம் கூடும். தவறின் விளையும் தீங்கும் கூடும். குறைந்த செறிவுடையதை அடிக்கடி மாற்றிப் பாய்ச்சியும் அப்பயனிற் பெரும்பகுதியைப் பெறலாம்.

ஆயினும் ஐப்போகுளோரைற்று ஒன்றால் எல்லாம் முடிந்துவிடுவதில்லை. அரம் சுரண்டும்போது பற்றூள் கால்வாய்ச் சுவரிற் பூசினாற்போலப் படிகின்றது. குடாநாட்டின் சுண்ணாம்புக் கற்பாறைகளினூடே ஊறிவரும் கிணற்றுநீரைக் காய்ச்சும் கேத்திலின் அடியில் வெண்ணிறமாகப் படிவு கட்டுவதை யாவரும் அறிவர். சவர்க்காரமிட்டுத் தேய்த்தாலும் போகாத அது வினாகிரிக்குக் கரையும். பற்றூட் படிவும் சுண்ணாம்புச் சத்துடையதே. அதனைக் கரைக்க 1957இல் நைகோர்ட் ஒஸ்ட்பி என்னும் நோர்வேப் பல்வைத்தியர் ஈ.டி.ரீ.ஏ. என்னும் பொருளைப் புகுத்தினார். 17 வீதத் திரவமாக இறுதிக் கட்டத்தில் ஒரு நிமிடமளவு இது பயன்படுகின்றது. குளோரெக்சிடின் என்பதும் கிருமிகொல்லியே. நெடுநேரம் சுவரிற் பற்றி நிற்கும் சிறப்புடையது. ஆனால் தசையைக் கரைக்காது. ஐப்போகுளோரைற்றோடு நேரே கலந்தால் கபில நிறப் படிவொன்று தோன்றிக் கால்வாயை அடைக்கும். ஆகையால் ஒன்றை நன்கு கழுவி நீக்கிய பின்னரே மற்றதை விடுதல் வேண்டும்.

இனி, பாய்ச்சும் முறைகள். யாவரிடத்தும் உள்ளது ஊசியும் குழலும் கொண்ட சாதாரண முறை. அதன் குறை யாதெனின், திரவம் ஊசிமுனைக்கு அப்பால் ஓரிரு மில்லிமீற்றர் மட்டுமே புதிதாகிச் சுழல்கின்றது. தலைவாய்க்காலில் நீர் பெருகி ஓடுவதைக் கண்டு கடைப் பாத்தியும் நனைந்ததென்று இணுவிற் கமக்காரர் எவரும் மண்வெட்டியைக் கீழே வைப்பதில்லை. பல்லின் கடைப் பாத்தியோ கண்ணுக்குத் தெரிவதில்லை. அன்றியும் வேர்நுனி மூடிய குழாய் போன்றிருத்தலின் அங்கே காற்றுக்குமிழ் சிக்கித் திரவத்தைத் தடுப்பதும் உண்டு.

அப்படியாயின் ஊசியை ஆழச் செலுத்தி விசையோடு அழுத்தலாமன்றோ? அதுவே பேராபத்து. ஊசி கால்வாயில் இறுகி நிற்கையில் அழுத்தினால், திரவம் வேர்நுனியைக் கடந்து தாடையின் தசைக்குட் பாயும். நோயாளி எரிவு தாளாது துடிப்பார். சில நிமிடங்களில் முகம் வீங்கும். பின்னர் தோல் கருநீலமாகும். இது அரிதே எனினும், கண்டவர் மறக்கமாட்டார். இதனைத் தவிர்க்கவே நுனி மூடிப் பக்கவாட்டில் துளையுள்ள, ஏறக்குறைய 0.3 மில்லிமீற்றர் பருமனேயுள்ள ஊசிகள் செய்யப்பட்டன. அவற்றை நுனிக்குச் சற்றுக் குறைவாக நிறுத்தி, மேலும் கீழும் மெல்ல அசைத்தவாறே திரவத்தை விடுவர். பல்லைச் சுற்றி இறப்பர் விரிப்பொன்றைக் கட்டுவதும் இதனோடு சேர்ந்த காவலாகும். அது திரவத்தைத் தொண்டைக்குப் போகாமலும், எச்சிலைப் பல்லுக்குள் வராமலும் தடுக்கின்றது. 1864இல் அமெரிக்கப் பல்வைத்தியர் சான்ஃபோர்ட் பார்ணம் கண்ட இவ்வெளிய சாதனத்தை மூச்சு முட்டுமென்று அஞ்சி மறுக்கும் நோயாளிகள் தம் நன்மையையே மறுப்பவராவர்.

மற்றொரு முறை தள்ளுவதற்குப் பதிலாக இழுப்பது. திரவம் பல்லின் வாயில் விடப்படுகின்றது; நுனிவரை சென்ற நுண்குழாயொன்று அதனை உறிஞ்சி எடுக்கின்றது. திரவம் தானே நுனிக்கு இறங்கி வருதலின் அப்பாற் கசிவது மிகக் குறைவு. பாதுகாப்பில் இதற்கு நிகரில்லை. ஆனால் அக்குழாய் புகுமளவுக்குக் கால்வாயை அகலித்தல் வேண்டும்; நுண்துளைகள் தூளால் அடைபடுவதும் உண்டு.

மீயொலி முறையில், திரவம் நிரம்பிய கால்வாயில் மெல்லிய கம்பியொன்று செக்கனுக்கு 25,000 தடவைக்கு மேல் அதிர்கின்றது. அதனால் எழும் சுழலோட்டம் பிளவுகளிலும் கிளைகளிலும் உள்ள கழிவை அசைத்து வெளியேற்றுகின்றது. ஆய்வுகூடத்தில், பிடுங்கிய பற்களிற் செய்த சோதனைகளில் இதுவே சாதாரண ஊசியை எளிதில் வெல்கின்றது. கம்பி சுவரைத் தொட்டால் அதிர்வு அடங்கிவிடுமாதலால் வளைந்த வேர்களில் இதன் திறன் குன்றும். இவ்வியந்திரம் வாங்க வசதியற்றவர் கையாளத்தக்க ஒரு மலிவான உபாயமும் உண்டு. கால்வாயை அடைப்பதற்கென வைத்திருக்கும் கட்டாபேர்ச்சாக் குச்சியையே திரவத்தினுள் மேலும் கீழுமாக நிமிடத்துக்கு நூறு தடவையளவில் இயக்குவதுதான் அது. இவ்வெளிய செயலே சிக்கிய காற்றுக்குமிழை உடைத்துவிடுகின்றது.

ஆய்வுகூட வெற்றி நோயாளியின் தாடையிலும் அப்படியே தோன்றுமா? 2013இல் வெளிவந்த ஓர் ஒப்பீட்டில், ஒற்றை வேர்ப் பற்களில் ஊசியால் மட்டும் கழுவியவற்றுக்கும் மீயொலி சேர்த்துக் கழுவியவற்றுக்கும் வேர்நுனி ஆறுவதிற் கருதத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. திரவங்களைப் பற்றி 2012இல் நிகழ்ந்த தொகுப்பாய்வும் எந்த ஒன்றையும் முதல்வனென்று முடிசூட்டவில்லை. எனினும் ஒற்றை வேர்ப் பல்லுக்குக் கண்ட முடிவைப் பின்னிக்கிடக்கும் கடைவாய்ப் பல்லின் வேர்களுக்கும் உரியதென்று கொள்ளலாகாது. மீயொலிக்கு வேலை மிகுதியாக உள்ள இடம் அதுவே. ஒற்றை வேர்ப் பல்லிலோ, நுண்ணூசியும் இறப்பர் விரிப்பும் பொறுமையும் உள்ள வைத்தியர் அரைமணி நேரம் திரவத்தை மாற்றி மாற்றிப் பாய்ச்சுவாராயின், விலையுயர்ந்த இயந்திரத்தை அவசரமாகக் கையாள்பவரினும் அவர் பின்தங்கியவரல்லர். அந்த அரைமணி நேரம் வாயைத் திறந்தபடி இருப்பது நோயாளியின் பங்கு. இடையில் எரிவோ கடுநோவோ தோன்றினால் கையை உயர்த்திக் காட்டுவதும் அவர் பங்கே.