வந்த வழி

1972 ஜூலை 23. ஐஸ்லாந்தின் ரெய்க்யாவிக்கில் உலக செஸ் சாம்பியன் போட்டியின் 6-ஆவது ஆட்டம். இருவரும் இரண்டரைப் புள்ளியில் சமமாக நின்றார்கள். ராஜாவுக்கு முன்னால் நிற்கும் சிப்பாயைத் தள்ளித்தான் பாபி ஃபிஷர் பெரும்பாலும் தொடங்குவார். அன்று சி4 ஆடினார். போரிஸ் ஸ்பாஸ்கி இ6. பிறகு குதிரை எஃப்3, டி5. டி4, குதிரை எஃப்6. குதிரை சி3, பிஷப் இ7. நான்கு நகர்த்தல் முடிந்ததும் பார்த்தால், பலகையில் இருப்பது குயின்ஸ் கேம்பிட்! ராணியின் சிப்பாயைத் தள்ளித் தொடங்க வேண்டிய அந்தப் பழம்பெரும் ஓப்பனிங்குக்குள் ஃபிஷர் பக்கவாட்டுக் கதவு வழியாக நுழைந்திருந்தார். 41 நகர்த்தலில் வென்றார். தோற்ற ஸ்பாஸ்கியும் எழுந்த கைதட்டலில் சேர்ந்துகொண்டார்.

வேறு வழியில் வந்து அதே நிலையை அடைவதற்கு டிரான்ஸ்பொசிஷன் என்று பெயர். இந்த நிலைக்கு மட்டும் எத்தனை வழிகள்? எண்ணிப் பார்க்கலாம். வெள்ளையின் நான்கு நகர்த்தல்களை 24 விதமாக அடுக்கலாம். ஆனால் குதிரை சி3-இல் வந்து நின்றுவிட்டால் பின்னாலிருக்கும் சிப்பாய்க்கு வழி அடைபடும். ஆகவே சி4 முந்த வேண்டும். மிஞ்சுவது 12. கறுப்பிலும் இ6 ஆடாமல் பிஷப் வெளியே வராது, அங்கும் 12. பெருக்கினால் 144.

கணினிக்கு இந்த 144-ம் ஒன்றுதான். ஆல்பர்ட் ஜோப்ரிஸ்ட் 1970-இல் சொன்ன உத்தி அது: 12 வகைக் காய்கள், 64 கட்டங்கள், ஒவ்வொரு காய்க்கும் ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு தற்செயல் எண். எந்த வரிசையில் சேர்த்தாலும் ஒரே விடை தரும் இருமக் கணக்கில் அவற்றைச் சேர்த்தால் நிலைக்கு ஓர் அடையாள எண் கிடைக்கும். அந்த எண் முன்பே குறிப்பில் இருந்தால் கணினி மறுபடி மூளையைக் கசக்க வேண்டியதில்லை.

எதிரே ஓர் ஆள் உட்கார்ந்திருக்கும்போது கதை வேறு. அவர் எந்த இடத்திலும் வேறு பக்கம் திரும்பிவிடலாம். இதைத்தான் நான் இந்த ஆட்டத்தின் ஆழமான அழகு என்பேன்.

உதாரணமாக, வெள்ளை டி4, சி4 என்று வரும்போது கறுப்பு முதலிலேயே டி5 ஆடி, பிறகு இ6, குதிரை எஃப்6 என்று போனால், வெள்ளை டி5-இல் சிப்பாய்களை மாற்றிக்கொண்டு, ராஜா பக்கக் குதிரையை இ2-வில் வைக்கும். எஃப்3 காலியாக இருப்பதால் அங்கே சிப்பாயைத் தள்ளி, அதன் பலத்தில் இ4 என்று நடுவே பாயலாம். கறுப்புக்கு அது பெரிய தலைவலி. தப்பிக்க ஒரு வழி உண்டு: டி5-ஐத் தள்ளிப்போட்டு, முதலில் குதிரை எஃப்6, இ6. இப்போது வெள்ளை குதிரையை சி3-இல் வைத்தால் கறுப்பு பிஷப் பி4-க்கு வந்து அதைக் கட்டிப்போடும், அது நிம்சோ-இந்தியன். அது வேண்டாமென்றால் வெள்ளை மற்றொரு குதிரையை எஃப்3-க்கு எடுக்கிறது. உடனே டி5! மறுபடி குயின்ஸ் கேம்பிட்தான். ஆனால் இ2 போக வேண்டிய குதிரை எஃப்3-இல் மாட்டிக்கொண்டது. நிம்சோ பலகையில் வரவேயில்லை. வரக்கூடும் என்பதே அந்தக் குதிரையை நகர்த்திவிட்டது.

1963 உலக சாம்பியன் போட்டியில் போட்வின்னிக்கை எதிர்த்த பெட்ரோசியன் இதைவிடச் சின்னதொரு மாற்றம் செய்தார்: குதிரையை எடுக்கும் முன்பே பிஷப்பை இ7-இல் வைத்தார். அவ்வளவுதான், வெள்ளை பிஷப்புக்கு ஜி5 கட்டம் இல்லாமல் போயிற்று.

2024-இல் சிங்கப்பூரில் நடந்த உலக சாம்பியன் போட்டியில் சென்னையின் குகேஷ், டிங் லிரெனுடன் ஆடிய 3-ஆவது ஆட்டத்தில் குதிரையை இரண்டாவது நகர்த்தலிலேயே எஃப்3-இல் வைத்துவிட்டு சிப்பாய்களை மாற்றினார். குதிரை அங்கே நின்றால் கறுப்பு பிஷப் எஃப்5-க்கு வந்து மூச்சுவிடலாம் என்பது பாடம். டிங்கின் பிஷப்பும் வந்தது. ஆனால் குகேஷ் எச்3 ஆடி வைத்திருந்தார், பின்னாலேயே ஜி4. விலகி சி2-க்குப் போன பிஷப் அங்கேயே சிக்கியது. 37-ஆவது நகர்த்தலோடு டிங்கின் கடிகாரமும் தீர்ந்தது.