எட்டு மீட்டர் அலை

செல்பேசி ஸ்பீக்கரில் ‘பயணங்கள் முடிவதில்லை’ படத்தின் நிலாப் பாட்டைப் போட்டால் கிட்டார் கேட்கும், எஸ்.பி.பி.யின் குரல் கேட்கும். அடியில் ஓடும் பேஸ் கிட்டார் மட்டும் பாதிக்கு மேல் காணாமல் போயிருக்கும். அவ்வளவு தாழ்ந்த ஒலியை அந்தச் சின்ன ஸ்பீக்கரால் எழுப்ப முடியாது. மேலே எழும் துணை ஒலிகளை வைத்துக்கொண்டு நம் மூளைதான் அடிச்சுரத்தை ஊகித்துக்கொள்கிறது. அதே பாட்டை நல்ல ஹெட்போனில் கேளுங்கள். பேஸ் எங்கே இறங்குகிறது, எங்கே ஒரு சுரத்தைச் சட்டென்று நிறுத்திவிட்டுக் காத்திருக்கிறது என்பதெல்லாம் துல்லியமாகத் தெரியும். இளையராஜாவின் குழுவில் பல ஆண்டுகள் பேஸ் வாசித்த சசிதரனும், ஏ.ஆர்.ரஹ்மானின் பாடல்களுக்கு வாசித்த கீத் பீட்டர்ஸும்தான் என் வயதுக்காரர்கள் பலருக்கு இந்த வாத்தியத்தின் மேல் ஆசை மூட்டியவர்கள்.

நான் வங்கியில் வேலை பார்க்கிறவள். ஞாயிறுதோறும் பெரம்பூரில் எங்கள் சர்ச் கொயருக்கு பேஸ் வாசிக்கிறேன். சனிக்கிழமை சாயங்காலம் நண்பர்களோடு பழைய சினிமாப் பாட்டு. அதனால் கொயரில் புதிதாகச் சேரும் பிள்ளைகள் எல்லாரும் ஒரு கேள்வியோடு என்னிடம் வருவார்கள்.

“அக்கா, எந்த பேஸ் வாங்கலாம்?”

“எங்கே வாசிக்கப் போறே, தம்பி?”

என் முதல் கேள்வி எப்போதும் அதுதான். பிராண்டையும் மரத்தையும் நிறத்தையும் பற்றிப் பேச வந்தவனுக்கு இது ஏமாற்றமாக இருக்கும். ஆனால் பேஸ் அறையோடு சேர்ந்து ஒலிக்கும் வாத்தியம். நான்கு கம்பி பேஸில் மிகத் தாழ்ந்த இ கம்பியின் அதிர்வு நொடிக்கு 41 தடவை. அந்த ஒலி அலையின் நீளம் எட்டு மீட்டருக்கும் மேல். என் அறையின் அகலமோ பத்து அடி, அதாவது மூன்று மீட்டர் சொச்சம். அலை முழுதாக நீட்டிப் படுக்கக்கூட அங்கே இடமில்லை. சுவருக்குச் சுவர் முட்டித் திரும்பி, சில சுரங்களைப் பெருக்கும், சிலவற்றை விழுங்கும். பத்தடி அகல அறை 56 ஹெர்ட்ஸை ஒட்டிய சுரங்களோடு தானும் சேர்ந்து முழங்கும். பேஸில் ஏ கம்பியை வெறுமனே மீட்டினால் வருவது 55. எவ்வளவு விலை உயர்ந்த பேஸைக் கொண்டுவந்து வாசித்தாலும் அந்த அறையில் ஏ சுரம் மட்டும் எகிறிக்கொண்டு நிற்கும். ஆம்பை மூலையில் வைத்தால் இன்னும் மோசம். மூலை எல்லாத் தாழ்ந்த ஒலிகளையும் ஊதிப் பெரிதாக்கிவிடும். பக்கத்து ஃப்ளாட்டுக்காரர் கேட்பதும் அந்த ஊதலைத்தான்.

ஆகவே வீட்டில் வாசிக்கிறவருக்கு முதல் செலவு ஹெட்போன். காதை முழுதாக மூடும், வயர் உள்ள ஹெட்போன். ப்ளூடூத் வேண்டாம். விரல் கம்பியைத் தொடுவதற்கும் ஒலி காதுக்கு வருவதற்கும் நடுவே அது சேர்க்கும் தாமதத்தில் தாளம் நிற்காது. ஹெட்போனை நேரே பேஸில் சொருக முடியாது, நடுவில் ஏதாவது வேண்டும். பேஸின் ஜாக்கிலேயே குத்திக்கொள்ளும் வாக்ஸ் ஆம்ப்ப்ளக் போன்ற தீப்பெட்டி அளவுக் கருவி போதும். கணினியில் பதிவுசெய்யும் ஆசை இருந்தால் ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் சோலோ மாதிரி ஆடியோ இன்டர்ஃபேஸ் வாங்கலாம். அதில் ‘இன்ஸ்ட்’ என்று போட்டிருக்கும் சுவிட்சைப் போட மறக்கக்கூடாது. போடாவிட்டால் ஒலி மெலிந்து, உயிரில்லாமல் வரும்.

கரண்ட் போன இரவுகளுக்கு ஒரு வழி சொல்கிறேன். பேஸின் தலைப்பகுதியை மர பீரோவின் கதவில் லேசாகச் சாய்த்து வைத்து வாசித்துப் பாருங்கள். பீரோ முழுக்க அதிர்ந்து, அறைக்குப் போதுமான சத்தத்தில் பாடும். எனக்கு ரொம்பப் பிடித்த ஆம்ப் அதுதான்.

இப்போது வாத்தியத்துக்கு வருவோம். கடையில் வரிசையாகத் தொங்கும் பேஸ்களைப் பார்த்து மலைக்க வேண்டாம், பெரும்பாலானவை இரண்டே குடும்பம். கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்ட்டனில் ரேடியோ பழுதுபார்த்துக்கொண்டிருந்த லியோ ஃபெண்டர் 1951-இல் பிரிசிஷன் பேஸைக் கொண்டுவந்தார். அதுவரை ஆள் உயர டபுள் பேஸைச் சுமந்துகொண்டு ஊர் ஊராகப் போன வாத்தியக்காரர்களுக்கு, தோளில் மாட்டிக்கொள்ளும் பேஸ் கிடைத்தது. ஃப்ரெட் கட்டைகள் இருந்ததால் சுரம் தப்பாமல் விழுந்தது. 1957-இல், கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் அதன் பிக்கப்பை இரண்டு துண்டாகப் பிரித்து மாற்றியமைத்தார்கள். 1960-இல் ஜாஸ் பேஸ் வந்தது. கழுத்து மெலிந்தது, பிக்கப்பும் இரண்டானது. இன்று புதியவர்களுக்கு விற்கும் யமஹா, இபானெஸ், ஸ்குவையர் எல்லாம் பெரும்பாலும் இந்த இரண்டின் வழிவந்தவை. யமஹா டி.ஆர்.பி.எக்ஸ். 174 போன்றவற்றில் ஒரு பி (பிரிசிஷன்) பிக்கப்பும் ஒரு ஜே (ஜாஸ்) பிக்கப்பும் சேர்ந்தே இருக்கும்.

பி தடித்த, நடுவில் கனமுள்ள ஒலி. கூட்டத்தோடு வாசிக்கும்போது ட்ரம்ஸுக்கும் கிட்டாருக்கும் நடுவில் தன் இடத்தைத் தானே பிடித்துக்கொள்ளும். ஜே இன்னும் தெளிவாக, கொஞ்சம் மூக்கால் பேசும். நம் ஊரில் ஜே வாங்குகிறவர் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். இரண்டு பிக்கப்பையும் சமமாகத் திறந்தால் இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு அடங்கிவிடும். ஒன்றை மட்டும் திறந்தால் ‘ம்ம்ம்’ என்று கரண்ட் சத்தம் வரும். இந்திய மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பேஸில் இ கம்பியின் மூன்றாம் ஃப்ரெட்டில் இருக்கும் ஜி சுரம் 49. நம் வீட்டு இரைச்சல் நாம் வாசிக்கிற சுரத்தின் மேலேயே, கொஞ்சம் சுருதி கூடி உட்கார்ந்துகொள்கிறது! ஈக்வலைசரில் இரைச்சலை வெட்டினால் ஜி-யும் சேர்ந்து வெட்டுப்படும். பி பிக்கப்பில் இந்தத் தொல்லை கிடையாது. அந்த இரண்டு துண்டுகளும் 1957-லிருந்தே இரைச்சலை ஒன்றுக்கொன்று அழித்துக்கொள்கின்றன. எர்த்திங் சரியில்லாத பழைய கட்டடங்கள் நிறைந்த ஊரில், முதல் பேஸில் ஒரு பி பிக்கப் இருப்பது நல்லது என்பேன்.

அண்ணா சாலையில் 1842-லிருந்து இயங்கும் மியூசி மியூசிக்கல் மாதிரியான கடைக்குப் போனால் உட்கார்ந்துகொண்டு வாசித்துப் பார்க்காதீர்கள். ஸ்ட்ராப் கேளுங்கள், நின்றுகொண்டு மாட்டிப் பாருங்கள். இரண்டு கையையும் எடுத்துவிடுங்கள். தலைப்பகுதி தரையைப் பார்த்துச் சாய்ந்தால் அந்த பேஸ் வேண்டாம். பாட்டு முழுக்க இடது கை அதைத் தூக்கிப் பிடிக்கவே வேலை செய்யும், மணிக்கட்டு வலி கண்டிப்பாக வரும். நல்ல பேஸ் நான்கு கிலோவை ஒட்டி இருக்கும். அதற்கு மூன்று அங்குல அகலத் தோல் ஸ்ட்ராப் போடுங்கள். மெல்லிய நைலான் பட்டை தோளை அறுத்துவிடும்.

“கை சின்னதா இருக்கே, அக்கா, பேஸ் வருமா?” என்று பெண் பிள்ளைகள் கேட்கிறார்கள். என் கையும் சின்னதுதான். சாதாரண பேஸில் கம்பியின் அதிரும் நீளம் 34 அங்குலம். 30 அங்குலத்திலும் பேஸ்கள் உண்டு. பால் மெக்கார்ட்னி வாசித்த, வயலின் வடிவ ஹாஃப்னர் அந்த வகைதான். அப்படி ஒன்று கிடைத்தால் வாங்கலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் 34-க்கும் வழி இருக்கிறது. முதல் ஐந்து ஃப்ரெட்டுகளுக்குள் நாலு விரலை நாலு ஃப்ரெட்டில் விரித்து வைக்க வேண்டாம். டபுள் பேஸ்காரர்கள் செய்வது போல ஆள்காட்டி, நடுவிரல், சுண்டுவிரல் மட்டும் வைத்து மூன்று ஃப்ரெட்டை மூடுங்கள், மோதிர விரல் சுண்டுவிரலுக்குத் துணை நிற்கட்டும். நான் அப்படித்தான் வாசிக்கிறேன்.

கையில் முப்பதாயிரம் இருந்தால் முப்பதாயிரத்துக்கும் பேஸ் வாங்கிவிடாதீர்கள். இருபதோடு நிறுத்துங்கள். மீதியில் செட்டப், புதுக் கம்பி, கேபிள், ஸ்ட்ராப், ஹெட்போன் எல்லாம் அடங்கும். செட்டப் என்பதை ஆடம்பரம் என்று பலர் நினைக்கிறார்கள். நான் அதை முதல் மாதச் சாப்பாட்டுச் செலவு மாதிரி கட்டாயம் என்பேன். பெட்டியிலிருந்து எடுத்த பேஸில் கம்பி உயரமாக இருந்தால் விரல் நோகும், மிகத் தாழ்ந்திருந்தால் ஃப்ரெட்டில் உரசிக் கரகரக்கும். கழுத்துக்குள் ஓடும் ட்ரஸ் ராட் என்னும் இரும்புக் கம்பியைத் திருகி வளைவைச் சரிசெய்து, கம்பிகள் ஊன்றி நிற்கும் பிரிட்ஜில் அவற்றின் உயரத்தை வைத்து, பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் அழுத்திய சுரமும் அங்கேயே லேசாகத் தொட்டு எழுப்பும் ஹார்மோனிக்கும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துத் தருவார்கள். மரம் ஈரத்தைக் குடிக்கும், உலர்ந்தால் விடும். ஐப்பசி மழைக்குப் பின்னும் கத்திரி வெயிலுக்குப் பின்னும் என் பேஸின் கழுத்து இரண்டு விதமாக நிற்கும். ட்ரஸ் ராடைத் தொடத் தயங்குகிறவர் விவரம் தெரிந்தவரிடம் கொடுத்துவிடலாம்.

கம்பியைப் பற்றி நான் பேச ஆரம்பித்தால் நிறுத்துவது கஷ்டம், ஏனென்றால் பேஸின் குரலில் பெரும்பங்கு அங்கேதான். டெட்ராய்ட்டின் மோட்டவுன் ஸ்டூடியோவில் அறுபதுகளில் பாட்டுக்குப் பாட்டு வாசித்த ஜேம்ஸ் ஜாமர்சனின் கருவி 1962-இல் செய்த ஒரு பிரிசிஷன் பேஸ். அதில் லா பெல்லா நிறுவனத்தின் தடித்த, மேற்பரப்பு வழுவழுப்பான ஃப்ளாட்வவுண்ட் கம்பிகள். கம்பியை மாற்ற மாட்டார் என்பது அவரைப் பற்றி எல்லாரும் சொல்லும் செய்தி. வலது கையில் பெரும்பாலும் ஆள்காட்டி விரல் ஒன்றையே வைத்து மீட்டுவார். உலகமே ஆடிய அந்த பேஸ் ஒலிக்குப் பின்னால் இருந்தவை ஒரு சாதாரண மாடல், பழைய கம்பி, ஒரு விரல், ஒரு மனிதரின் தாளம். புதிதாக இன்னொரு பேஸ் வாங்கலாமா என்று யோசிக்கிறவரிடம், முதலில் ஒரு செட் ஃப்ளாட்வவுண்ட் மாட்டிப் பாருங்கள் என்பேன். அதே கருவி வேறொரு ஆளாகப் பேசும். வழக்கமாகக் கடையில் மாட்டி வருவது சுருள் தெரியும் ரவுண்ட்வவுண்ட். அது கணீரென்று மின்னும், விரலை இழுத்தால் ‘சர்’ரென்று சத்தமும் வரும்.

கடற்கரை ஊர்க்காரர்களுக்கு ரவுண்ட்வவுண்டில் இன்னொரு சங்கடம். அந்தச் சுருள்களுக்கு இடையே வேர்வையும் உப்புக்காற்றும் இறங்கிக் கம்பியைச் சீக்கிரம் மந்தமாக்கிவிடும். வாசித்து முடித்ததும் பழைய வேட்டித் துணியால் ஒவ்வொரு கம்பியையும் மேலும் கீழும் துடைத்துவிட்டு வையுங்கள். வாசிப்பதற்கு முன் கை கழுவுவது அதைவிட நல்லது.

ஆம்ப்? வீட்டைத் தாண்டி, ட்ரம்ஸோடு வாசிக்கப் போனால்தான் தேவை. அங்கேயும் கணக்கு கிட்டார்காரர்களின் கணக்கு இல்லை. நம் காது தாழ்ந்த ஒலியை அவ்வளவு சுலபமாகக் கேட்பதில்லை. பேஸுக்கு நிறைய வாட்ஸ் வேண்டும். வாட்ஸை இரட்டிப்பாக்கினால் கூடுவது மூன்று டெசிபல்தான், காதுக்கு அது கொஞ்சம். 30 வாட் வால்வ் ஆம்ப் வைத்து கிட்டார்காரர் சமாளித்துவிடுவார். பேஸ்காரருக்கு ட்ரம்ஸ் பக்கத்தில் நிற்க 200, 300 வாட்ஸ் வேண்டியிருக்கும். கிட்டார் ஆம்பில் பேஸைச் சொருகிச் சத்தத்தை ஏற்றாதீர்கள். ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு தாங்கும் அளவைத் தாண்டி உதறிக் கிழிந்துபோகலாம்.

சர்ச், கல்யாண மண்டபம், கல்லூரி அரங்கம் எங்கேயும் ஒலிபெருக்கி ஏற்கெனவே இருக்கும். அங்கே ஆம்பைச் சுமந்து போவதைவிட ஒரு டி.ஐ. பாக்ஸ் போதும். பேஸின் கேபிளை ஒரு பக்கம் சொருகி, மறுபக்கத்து எக்ஸ்.எல்.ஆர். கேபிளை மிக்ஸருக்குக் கொடுத்துவிடலாம். நீண்ட தூரம் போனாலும் இரைச்சல் ஏறாது. அதில் ‘கிரவுண்ட் லிஃப்ட்’ என்றொரு சுவிட்ச் உண்டு. மிக்ஸருக்குப் போன பிறகு கரண்ட் சத்தம் வந்தால் அதை மாற்றிப் பாருங்கள், பல சமயம் அடங்கிவிடும். எங்கள் சர்ச் பழைய செங்கல் கட்டடம், உயர்ந்த கூரை. ஒரு சுரத்தை வாசித்தால் அது அடங்குவதற்குள் அடுத்த சுரம் வந்து மேலே ஏறிக்கொள்ளும். அங்கே நான் நீட்டி வாசிப்பதில்லை. சுரத்தை எழுப்பி, இடது கை விரலைச் சற்றே தளர்த்திப் பாதியிலேயே நிறுத்திவிடுகிறேன். மீதிப் பாதியைக் கட்டடமே வாசிக்கிறது. பிரிட்ஜுக்குப் பக்கத்தில் கம்பிக்கு அடியில் ஒரு துண்டு ஸ்பாஞ்சைச் செருகினாலும் இதே பலன் கிடைக்கும்.

ஆக்டிவ்வா பாசிவ்வா என்றும் கேட்பார்கள். ஆக்டிவ் பேஸுக்குள் ஒன்பது வோல்ட் பேட்டரியில் ஓடும் ஒரு சின்ன சர்க்யூட் இருக்கும், ஒலியைக் கூட்டிக் குறைக்க வசதி. ஜாக்கைச் சொருகியே வைத்திருந்தால் வாசிக்காவிட்டாலும் பேட்டரி தீர்ந்துகொண்டே இருக்கும். முடித்ததும் கேபிளைப் பிடுங்குங்கள், பையில் ஒரு உபரி பேட்டரி வையுங்கள்.

கடைசியாக வருவது ஐந்து கம்பிக் கேள்வி. இ-க்குக் கீழே பி கம்பி, 31 ஹெர்ட்ஸ். முதல் பேஸுக்கு நான் பெரும்பாலும் நாலு கம்பிதான் சொல்வேன். கழுத்து ஒடுங்கியிருக்கும், அடக்க வேண்டிய கம்பியும் ஒன்று குறைவு. ஆனால் பாடகர்களோடு வாசிக்கிறவர் நிலைமை வேறு. சோப்ரானோ பிள்ளைகளுக்குச் சுருதி எட்டவில்லை என்றால் எங்கள் கீபோர்டுகாரர் டிரான்ஸ்போஸ் பட்டனை அழுத்தி, இ-யில் இருந்த பாட்டை இ ஃப்ளாட்டுக்கு இறக்கிவிடுவார். நாலு கம்பியில் அடியில் இருந்த சுரம் அப்போது கையைவிட்டுப் போய்விடும். ஏ கம்பியின் ஆறாம் ஃப்ரெட்டிலோ டி கம்பியின் முதல் ஃப்ரெட்டிலோதான் அதைப் பிடிக்க வேண்டும், அங்கே அது ஒரு ஸ்தாயி மேலே ஒலிக்கும். ஐந்து கம்பியில் பி-யின் நாலாம் ஃப்ரெட்டில் அந்தத் தாழ்ந்த இ ஃப்ளாட் இருக்கிறது. போன ஞாயிறு கேட்ட தம்பியிடம் இதைத்தான் சொன்னேன்: “உன் கீபோர்டுகாரர் அந்தப் பட்டனை எத்தனை தடவை அழுத்தறார்னு ஒரு மாசம் பாரு. அதுக்கப்புறம் அஞ்சு கம்பியா நாலான்னு பேசுவோம்.”